கதவைத் திறந்த பிறகு

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சிறுகதை எழுதினேன். கிராமத்துப் பெண் ஒருத்தி. பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவனுடைய பேச்சை நம்பிப் பட்டணத்துக்குப் போகிறாள். அங்கே ஒரு மாடி வீட்டில் அடைபடுகிறாள். இளம் போலீஸ் அதிகாரி ஒருவன், மழை கொட்டும் ஓர் இரவில், அந்த வீட்டுக் கதவை உடைத்து அவளை வெளியே அழைத்து வருகிறான். அவர்கள் தெருவில் இறங்கும்போது மழை விடுகிறது. கிழக்கு வெளுக்கிறது. கதை முடிகிறது.

கதை வெளிவந்ததும் பத்திரிகைக்குப் பல கடிதங்கள் வந்தன. கண் கலங்கிப் போனதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அந்த அதிகாரியைப் போல நாலு பேர் இருந்தால் நாடு உருப்படும் என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நானும் மகிழ்ந்துதான் போனேன். ஒரு வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது. பெண்கள் காப்பகம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஓர் அம்மையார் எழுதியது. மொத்தமே ஐந்தாறு வரிகள்.

“கதை நன்றாக இருந்தது. இரண்டு சந்தேகங்கள். எங்களிடம் வந்து சேரும் பெண்களில் முன்பின் தெரியாதவனோடு போனவர்கள் குறைவு. சித்தி, அக்காள் புருஷன், பக்கத்து வீட்டுக்காரி, தாலி கட்டியவன், இப்படித்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு மட்டும் எப்படி அந்நியன் கிடைத்தான்? இன்னொன்று. உங்கள் கதையில் பொழுது விடிந்துவிட்டது. விடிந்த பிறகு அந்தப் பெண் எங்கே போனாள்?”

அந்தக் கார்டுக்கு நான் உடனே பதில் போடவில்லை. போட முடியவில்லை என்பதே உண்மை. கதையின் தொடக்கமும் தப்பு, முடிவும் தப்பு என்று ஒருவர் சொன்ன பிறகு நடுவில் பெய்த மழையை வைத்துக் கொண்டு நான் என்ன செய்ய?

அதன் பிறகு, பெண்களை விற்கும் தொழிலைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட சில பெரிய புத்தகங்களை மறுபடியும் எடுத்துப் படித்தேன். முன்பு கதைக்காகப் படித்தவற்றை இந்தத் தடவை அந்த அம்மையாரின் இரண்டு கேள்விகளோடு படித்தேன். அவள் எந்த வழியாக அங்கே வந்தாள்? வெளியே வந்த பிறகு என்ன ஆனாள்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாத எழுத்து, எத்தனை உருக்கமாக இருந்தாலும், உண்மையில் பாதியைத்தான் சொல்கிறது. அந்தப் பாதி உண்மை கதைப் புத்தகத்தோடு நிற்பதும் இல்லை. சட்டப் புத்தகத்திலும் ஏறிக்கொள்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் ஒரு பத்திரிகைக்காரரின் கதை. லண்டனில் ‘பால் மால் கெஜட்’ என்ற பத்திரிகையின் ஆசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட். 1885-ஆம் ஆண்டு ஜூலையில், அந்த நகரத்தில் சிறுமிகள் விலைக்கு விற்கப்படுகிறார்கள் என்று அவர் தொடர்ந்து எழுதினார். வெறும் கட்டுரையாக எழுதினால் யார் நம்புவார்கள் என்று, முன்பு அதே தொழிலில் இருந்து திருந்திய ஒரு பெண்மணியின் மூலம் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைத் தாமே ‘வாங்கி’க் காட்டினார். விலை ஐந்து பவுன் என்று பத்திரிகை சொல்லிற்று. சிறுமிக்கு அவர் ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் செய்தி வெளிவந்ததும் லண்டன் கொந்தளித்தது. பத்திரிகைப் பிரதிக்காக ஜனங்கள் முண்டியடித்தார்கள். கிடப்பில் கிடந்த மசோதா ஒன்று மளமளவென்று அடுத்த மாதமே சட்டமாயிற்று. பெண்ணின் சம்மத வயது 13-லிருந்து 16-ஆக உயர்ந்தது. எழுத்தின் சக்திக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சிறுமியின் தாய் நீதிமன்றத்துக்கு வந்தாள். ‘என் மகளை வீட்டு வேலைக்கு என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள், நான் விற்கவில்லை’ என்பது அவள் வாக்குமூலம். தகப்பனின் சம்மதம் இல்லாமல் பெண்ணைக் கொண்டுபோன குற்றத்துக்காக ஸ்டெட்டுக்கே மூன்று மாதச் சிறை கிடைத்தது.

தாய் சொன்னது முழு உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. கதாசிரியன் என்ற முறையில் ஒன்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. ‘வீட்டு வேலைக்கு’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் முழு விஷயமும் அடங்கியிருந்தது. ஒரு சிறுமி குடும்பத்துக்காக வேலைக்குப் போவது அந்தத் தெருவில் சாதாரணம். முன்பணம் வாங்குவது சாதாரணம். தெரிந்த பெண்மணி ஒருத்தி வந்து கேட்டால் அனுப்பி வைப்பது சாதாரணம். அந்தச் சாதாரணத்துக்குள் புகுந்துதான் அசாதாரணக் கொடுமை நடக்கிறது. ஸ்டெட்டின் கையிலேயே அந்தக் கண்டுபிடிப்பு இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வாசகனுக்கு ராட்சதன் வேண்டும். அவர் ராட்சதனைக் கொடுத்தார். நான் பஸ் நிலையத்து அந்நியனைக் கொடுத்தேன் அல்லவா, அதைப் போல. அந்தச் சட்டத்தின் பேரால் பின்னால் விடுதிகள் பல மூடப்பட்டன. அங்கே இருந்த பெண்கள் மறைந்துவிடவில்லை. தெருவுக்கு வந்தார்கள்.

அதே 1885-இல் அதே பத்திரிகைக்குப் புத்தக மதிப்புரை எழுதத் தொடங்கிய ஓர் இளைஞர் பெர்னார்ட் ஷா. எட்டு ஆண்டுகள் கழித்து, 1893-இல், அவர் ‘திருமதி வாரனின் தொழில்’ என்ற நாடகத்தை எழுதினார். தணிக்கை அதிகாரி அனுமதி மறுத்தார். 1902-இல் ஒரு சங்கத்தின் அங்கத்தினர்களுக்கு மட்டும் நடித்துக் காட்டினார்கள். லண்டனில் பொது மேடைக்கு வர 1925 ஆயிற்று. நாடகத்தில் ஆபாசமான வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. பிறகு ஏன் தடை? ஷா அதில் ராட்சதனைக் காட்டவில்லை. கூலிக் கணக்கைக் காட்டினார். அதுதான் பொறுக்கவில்லை.

வாரன் அம்மாள் தன் மகளிடம் பழங்கதை சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு சகோதரி ஈய வெள்ளைத் தொழிற்சாலையில் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஒன்பது ஷில்லிங்குக்கு உழைத்து, ஈய விஷம் ஏறிச் செத்துப் போனாள். இன்னொருத்தி ஒழுக்கமாகக் கல்யாணம் செய்துகொண்டாள். மூன்று குழந்தைகளோடு பதினெட்டு ஷில்லிங்கில் குடும்பம் நடத்தினாள், புருஷன் குடிக்கத் தொடங்கும் வரையில். வாரன் அம்மாள் வாட்டர்லூ ரயில் நிலையத்து மதுக்கடையில் பதினாலு மணி நேரம் கிண்ணம் கழுவினாள்; வாரம் நாலு ஷில்லிங்கும் சாப்பாடும். ‘நல்ல வழி’ என்று ஊர் சொன்ன மூன்று வழியும் எங்கே போய் முடிந்தன என்பதை ஷா கூட்டிக் கழித்துக் காட்டிவிடுகிறார்.

அதோடு விட்டாரா? இல்லை. வியாபாரத்தில் நாற்பதாயிரம் பவுன் முதல் போட்ட கனவான் ஒருவர் நாடகத்தில் வருகிறார். ஸர் பட்டம் பெற்றவர். அவருடைய சகோதரர் பார்லிமெண்டு அங்கத்தினர்; அறுநூறு பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து நூற்றுக்கு இருபத்திரண்டு லாபம் பெறுகிறவர். அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் உயிர் வாழப் போதுமான சம்பளம் கிடையாது. கதாநாயகி விவி கேம்பிரிட்ஜில் படித்தபோது பெற்ற உபகாரச் சம்பளம் அந்தச் சகோதரர் கொடுத்த நன்கொடையில் ஏற்பட்டதுதான். நாற்காலியில் சாய்ந்து நாடகம் பார்க்க வந்தவன் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறான். விடுதிக்குள் காலடி வைக்காத நல்ல மனிதர்களையும் பணம் அங்கே அழைத்துக் கொண்டுபோய் விடுகிறது.

ஷா எழுதியது பழைய இங்கிலாந்தின் கதை என்று தள்ளிவிட முடியாது. கட்டாய உழைப்பின் மூலம் உலகில் ஆண்டுதோறும் கிடைக்கும் சட்டவிரோத லாபம் 23,600 கோடி டாலர் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2024-இல் மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு உடலை விற்க வைத்து வரும் பணம். 2021-இல் இப்படிக் கட்டாயப் பாலியல் சுரண்டலில் சிக்கியிருந்தவர்கள் சுமார் 63 லட்சம் பேர் என்பதும், அவர்களில் ஐந்தில் நாலு பேர் பெண்களும் சிறுமிகளும் என்பதும் அதே ஸ்தாபனத்தின் கணக்கு. இத்தனை லாபம் வரும் வியாபாரத்துக்கு முதல் போடுகிறவர்கள் கிடைக்காமலா போவார்கள்?

ஆனாலும் ஷாவிடம் எனக்கு ஒரு குறை உண்டு. வாரன் அம்மாள் கெட்டிக்காரி. தன் சாமர்த்தியத்தால் தொழிலாளி நிலையிலிருந்து முதலாளி ஆனவள். அவளுடைய விடுதிகள் பிரஸ்ஸல்ஸில் இருக்கின்றன, வியன்னாவில் இருக்கின்றன, புடாபெஸ்டில் இருக்கின்றன. அங்கே இருக்கும் பெண்களில் ஒருத்தியும் மேடைக்கு வருவதில்லை. காரணத்தைப் புரிந்துகொண்டோம், ஆளைப் பார்க்கவில்லை.

ஆளைப் பார்க்க வேண்டுமானால் ரஷ்யரான குப்ரினிடம் போக வேண்டும். 1909-க்கும் 1915-க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய ‘யாமா’ நாவல் என்ற முறையில் ஒழுங்கான கட்டுக்கோப்பு உள்ளதல்ல. சில இடங்களில் பத்திரிகை நிருபரின் குறிப்புப் போலவும், சில இடங்களில் பிரசங்கம் போலவும் இருக்கிறது. இருந்தாலும் இந்த விஷயத்தைப் பற்றி எழுத நினைக்கும் எவனும் முதலில் படிக்க வேண்டிய புத்தகம் அதுதான் என்பேன். ஏனென்றால் அதில் பூட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் பெரிய வேலை இல்லை. பெண்களைக் கட்டி வைத்திருப்பது ஒரு கணக்குப் புத்தகம். உடுத்தும் துணி, பூசும் வாசனை, தின்னும் ரொட்டி எல்லாம் அவர்கள் பேரில் பற்று எழுதப்படுகின்றன. எவ்வளவு சம்பாதித்தாலும் கடன் தீராது. கந்துவட்டிக்காரனை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாவலில் வரும் தரகனைப் பாருங்கள். கோரிஸோந்த் என்று பேர். ரயிலில் போகிறான், புது மனைவி என்று ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்திருக்கிறான், சக பிரயாணிகளிடம் மரியாதையாகவும் தமாஷாகவும் பேசுகிறான். பயங்கரமான மீசையும் சிவந்த கண்ணும் அவனுக்குக் கிடையாது. ஊருக்கு ஊர் கல்யாணம் செய்துகொள்வதே அவன் வியாபார முறை. ‘தாலி கட்டியவன்’ என்று அந்த அம்மையார் கார்டில் எழுதியிருந்தாரே, அந்த ஆள் இவன்தான்.

இனி இரண்டாவது கேள்வி. லிகோனின் என்ற மாணவன் ஓர் இரவு ஆவேசம் வந்து, லியூப்கா என்ற பெண்ணை விடுதியிலிருந்து மீட்டு, தன் அறைக்கு அழைத்துப் போகிறான். நான் எழுதியிருந்தால் அந்தக் காலைப் பொழுதோடு நாவலை முடித்திருப்பேன். குப்ரின் அதற்கு அப்புறம்தான் உண்மையாக எழுதத் தொடங்குகிறார். நண்பர்கள் கூடி அவளுக்கு ஆளுக்கொரு பாடம் கற்பிக்கிறார்கள். சகோதரியாக நடத்துவேன் என்று சொன்னவன் நெடுநாள் அப்படி நடத்தவில்லை. நாளாக ஆக அவள் பாரமாகத் தோன்றுகிறாள். ஒரு சாக்கைக் கண்டுபிடித்து அவளை விலக்கி விடுகிறான். பல இடங்களில் முட்டி மோதிவிட்டு லியூப்கா பழைய விடுதி வாசலுக்கே வந்து நிற்கிறாள். மீட்டவன் கெட்டவன் அல்ல, நல்லவன்தான். நல்லவனுடைய ஓர் இரவு ஆவேசம் ஒரு பெண்ணின் வாழ்நாளுக்குக் காணாது. குப்ரின் சொல்வது அவ்வளவுதான். நாவலின் முடிவில் சிப்பாய்கள் புகுந்து அந்தத் தெருவையே சூறையாடுகிறார்கள். தெரு அழிகிறது. பெண்கள் நகரத்துக்குள் கலந்து போகிறார்கள். தொழில் அழியவில்லை.

டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ 1899-இல் வெளிவந்தது. நம்மவர்கள் அதிகம் படித்த நாவல். ஆகவே கதையை விரித்துச் சொல்ல வேண்டாம். கெடுத்தவனே ஜூரியாக உட்கார்ந்திருக்கிறான். கெட்டவள் என்று பேர் வாங்கியவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். இதை எழுத டால்ஸ்டாயால்தான் முடியும். ஆனால் இந்தத் தடவை படிக்கும்போது என்னை நிறுத்தியது அந்தக் காட்சி அல்ல. பின்னால் சிறையில் வருவது. நெஹ்லூதவ் தன் பாவத்துக்குப் பிராயச்சித்தமாக அவளை மணந்துகொள்ள முன்வரும்போது மாஸ்லவா சீறுகிறாள். முன்பு தன்னை வைத்து இன்பம் தேடினான், இப்போது தன்னையே வைத்து மோட்சமும் தேடப் பார்க்கிறான் என்பது அவள் கோபம். கடைசி வரையில் அவள் அவனை மணக்கவில்லை. தான் யாரோடு வாழ்வது என்று தானே தீர்மானிக்கிறாள்.

இதுவரை பேசியவற்றில் ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை பெற்ற பெண் இவள் ஒருத்திதான். என் கதையில் வந்த பெண் கதவு உடைந்ததிலிருந்து கதை முடியும் வரையில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அழுதாள், நன்றியோடு பார்த்தாள். அவ்வளவுதான். இதை அந்த அம்மையார்கூடச் சொல்லவில்லை. டால்ஸ்டாய் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

டால்ஸ்டாயின் நாவல் வந்த அதே 1899-இல் லக்னோவில் மிர்ஸா ஹாதி ருஸ்வா உருது மொழியில் ‘உம்ராவ் ஜான் அதா’ என்ற நாவலை வெளியிட்டார். ஃபைசாபாத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்துச் சிறுமி அமீரன். தகப்பன் மேல் பகை கொண்ட திலாவர் கான் அவளைத் தூக்கிக் கொண்டுபோய் லக்னோவில் விற்று விடுகிறான். இவன் அந்நியனா? அல்ல. தெரிந்தவன்தான். சிறுமி வளர்ந்து பாட்டும் கவிதையும் கற்று, பேரும் புகழும் பெற்ற உம்ராவ் ஜான் ஆகிறாள். பல ஆண்டுகள் கழித்து விதி அவளைப் பிறந்த ஊருக்கே பாட அழைத்து வருகிறது. தாயைப் பார்க்கிறாள். இருவரும் அழுகிறார்கள். பிறகு தம்பி வருகிறான், கையில் கத்தியோடு. குடும்ப மானத்துக்காக அவள் அந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும். அவள் போகிறாள்.

அவளைத் தூக்கிப் போனவன் ஒருவன். ஆனால் திரும்பி வர முடியாமல் செய்தவர்கள் எத்தனை பேர்! இந்தக் கேள்வியை ருஸ்வா உரக்கக் கேட்கவில்லை. கேட்காமலே நம் நெஞ்சில் தைக்க வைக்கிறார்.

நாவலில் வந்தது நூறு ஆண்டுக்குள் நிஜத்திலும் வந்தது. 1996 பிப்ரவரியில் பம்பாய்ப் போலீஸார் விடுதிகளைச் சோதனையிட்டு நூற்றுக்கணக்கான பெண்களை மீட்டார்கள். அவர்களில் பலர் நேபாளத்துச் சிறுமிகளும் இளம் பெண்களும். பத்திரிகைகளில் மீட்புச் செய்தி வந்தது. அதன் பிறகுதான் விஷயம். அவர்களைத் திரும்ப ஏற்றுக்கொள்ள நேபாள அரசு தயக்கம் காட்டியது. மாதக்கணக்கில் அந்தப் பெண்கள் அரசாங்கக் காப்பகங்களில் அடைந்து கிடந்தார்கள். கடைசியில் ஜூலையில் நேபாளத்துத் தொண்டு நிறுவனங்கள் ஏழு சேர்ந்து 128 பேரை அழைத்துக்கொண்டு போயின. உம்ராவ் ஜானின் தம்பி கத்தியோடு நின்ற இடத்தில் இங்கே ஓர் அரசாங்கமே நின்றது.

அந்த ஏழில் ஒன்றின் பெயர் ‘மைத்தி நேபாள்’. 1993-இல் அனுராதா கொய்ராலா என்ற பள்ளி ஆசிரியை தொடங்கியது. மைத்தி என்றால் நேபாளி மொழியில் கல்யாணமான பெண்ணின் பிறந்த வீடு. நாம் தாய்வீடு என்று சொல்கிறோமே, அது. பெயர் வைத்தவருக்குப் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. இன்னொன்றும் நடந்தது. திரும்பி வந்த பெண்களில் சிலரே சேர்ந்து அதே 1996-இல் ‘சக்தி சமூஹா’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். அதைச் சட்டப்படி பதிவு செய்யவே 2000 வரை ஆயிற்று. 2013-இல் அந்தச் சங்கத்துக்கு மகசேசே விருது கிடைத்தது. மாஸ்லவா சிறையில் சொன்ன ‘முடியாது’ இங்கே ஒரு ஸ்தாபனமாகவே எழுந்து நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் இந்த விஷயத்தை யாரும் தொடவில்லையா என்று கேட்பீர்கள். தொட்டிருக்கிறார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’ 1936-இல் வந்தது. அந்த முறைக்குள்ளே வளர்ந்து, அதிலிருந்து வெளியேறி, அதை ஒழிக்கப் பாடுபட்டவர் எழுதியது. நாவல் இலக்கணத்தை வைத்து அளந்தால் குறைகள் நிறையச் சொல்லலாம். ஆனால் பெண்களை அதில் தள்ளுவது தலைவிதி அல்ல, பணமும் சொத்தும் சம்பிரதாயமும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு என்று உள்ளே இருந்து பார்த்தவரின் குரல் அதில் இருக்கிறது. பதினோரு ஆண்டு கழித்து, 1947-இல், பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. ஜி. நாகராஜனின் ‘குறத்தி முடுக்கு’ 1963-இல் வந்தது. அவர் யாரையும் மீட்கவில்லை, யாருக்காகவும் கண்ணீர் விடவில்லை. அந்தத் தெருவில் இருப்பவர்களும் பசி, கோபம், ஆசை, சிரிப்பு உள்ள மனிதர்கள் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. நமக்குப் பரிதாபப்பட்டுப் பழக்கம். சமமாக நின்று பார்த்துப் பழக்கமில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். வாசகர்கள் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். சட்டமும் ஒரு கதை சொல்லும் முறைதான். நம் அரசியல் சாசனத்தின் 23-ஆம் விதி மனித வியாபாரத்தையும் கட்டாய உழைப்பையும் ஒரே மூச்சில் தடை செய்கிறது. சாசனத்தை எழுதியவர்களுக்கு இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள் என்று தெரிந்திருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் 1949-ஆம் ஆண்டு உடன்பாட்டை ஒட்டி, 1956-இல் நம் பார்லிமெண்டு தனிச் சட்டம் செய்தது. 1986-இல் அதைத் திருத்திப் பெயரும் மாற்றினார்கள். விடுதி நடத்துபவன், பெண்ணின் சம்பாத்தியத்தில் வாழ்பவன், ஆள் பிடித்துக் கொண்டு வருபவன் இவர்களுக்கெல்லாம் அதில் தண்டனை உண்டு. நல்லதே.

ஆனால் உள்ளே போய்ப் படித்துப் பாருங்கள். பொது இடத்தில் ஆள் அழைத்த குற்றத்துக்குப் பெண்ணானால் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை; அதே குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம் வரை. மீட்கப்பட்ட பெண்ணைக் காப்பகத்தில் ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீட்டார்களா, சிறை வைத்தார்களா என்று அவளுக்கே சந்தேகம் வருவதில் வியப்பில்லை. 2022 மே மாதம் 19-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவிட்டது. விடுதிச் சோதனையின்போது, வயது வந்து தன் விருப்பத்தோடு இருக்கும் பெண்ணைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது. காப்பகங்களைக் கணக்கெடுத்து, விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைத்திருக்கும் வயது வந்த பெண்களை விடுவிக்க வழி செய்ய வேண்டும் என்றது. காப்பகத்திலிருந்து விடுவிக்க ஓர் உத்தரவு தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். சட்டம் எழுதியவர்களும் என்னைப் போலவே கதவு உடைவதோடு கதையை முடித்துவிட்டார்கள்.

அப்படியானால் கதவை உடைக்கவே வேண்டாமா? அப்படிச் சொல்பவன் நான் அல்ல. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை, உடைத்தே ஆகவேண்டும். பூட்டி வைத்தவனை விட்டுவிடவும் கூடாது. ஆனால் உடைப்பதற்கு ஓர் இரவு போதும். அதற்கு முன்னால் பத்து ஆண்டுகளும், பின்னால் பத்து ஆண்டுகளும் இருக்கின்றன. முன்னால் இருப்பவை பள்ளிக்கூடம், கூலி, கடன், வரதட்சிணைக்குப் பயந்து செய்யும் அவசரக் கல்யாணம். பின்னால் இருப்பவை வேலை, வீடு, ஒரு சான்றிதழ், ஊர்வாய். இவற்றைப் பற்றிப் பேசினால் கைதட்டல் கிடைக்காது.

கைதட்டலை எதிர்பாராமல் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். 1992-இல் கல்கத்தாவின் சோனாகாச்சிக்கு எய்ட்ஸ் தடுப்பு வேலைக்காக ஸ்மரஜித் ஜானா என்ற டாக்டர் போனார். மருந்து மட்டும் கொடுத்தால் நோய் தீராது, கடன்பட்டவளால் வருகிறவனிடம் ‘முடியாது’ என்று சொல்ல முடியாது என்று கண்டார். 1995-இல் அந்தப் பெண்களே ஒரு சங்கமும் ஒரு கூட்டுறவுச் சேமிப்பு நிலையமும் அமைத்தார்கள். கூட்டுறவுச் சட்டத்தில் அங்கத்தினர் நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும் என்று ஒரு விதி தடுத்தது. குடும்பப் பெண்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்களேன் என்று அதிகாரிகள் வழி சொன்னார்கள். அவர்கள் மறுத்தார்கள். விதிதான் மாறியது. புதிதாக அங்கே வரும் பெண் வயது வந்தவளா, யாராவது விற்றுவிட்டுப் போனார்களா என்று விசாரிக்கத் தங்களுக்குள் குழுக்களும் ஏற்படுத்திக் கொண்டார்கள். இந்த ஏற்பாடு தொழிலையே அங்கீகரிப்பதாகும் என்று கண்டிப்பவர்கள் உண்டு. அந்தக் கண்டனத்திலும் அக்கறை இருக்கிறது. ஆனால் குப்ரின் காட்டிய கணக்குப் புத்தகத்துக்கு எதிராக இன்னொரு கணக்குப் புத்தகம், இந்தத் தடவை பெண்களின் கையிலேயே, திறக்கப்பட்டது. அதை நான் சின்ன விஷயம் என்று நினைக்கவில்லை.

‘நாவலாசிரியனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் என்ன வேலை? கதை துண்டுப் பிரசுரமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கதை துண்டுப் பிரசுரம் ஆகக்கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கதை பொய் சொல்லக்கூடாது என்பதிலும் சந்தேகமில்லை. அந்நியனைக் குற்றவாளி ஆக்கும்போது நான் வாசகனிடம், ‘உன் வீட்டில், உன் தெருவில், உன் உறவில் ஒன்றும் இல்லை, நிம்மதியாகத் தூங்கு’ என்று சொல்லி விடுகிறேன். விடியலோடு முடிக்கும்போது, ‘இனி நீ செய்ய வேண்டியதும் ஒன்றும் இல்லை’ என்று சொல்லி விடுகிறேன். கண்ணீர் விட்ட வாசகர் மறுநாள் தம் தெருவில் அந்தப் பெண் வாடகைக்கு அறை கேட்டு வந்தால் கொடுப்பாரா? அந்தக் கேள்வி வராதபடி பார்த்துக்கொண்டதே என் கதையின் வெற்றி. அதை இப்போது நான் வெற்றி என்று எண்ணவில்லை.

போன வருஷம் அந்த அம்மையாருக்குப் பதில் எழுதினேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கதையின் அடுத்த பகுதியை எழுத முயல்வதாகவும், காப்பகத்துக்கு வரும் பெண் முதல் நாள் காலையில் என்ன கேட்பாள் என்று தெரியவில்லை என்றும் எழுதினேன். இந்தத் தடவையும் கார்டுதான் வந்தது.

“முதலில் சீப்பும் தேங்காயெண்ணெயும் கேட்பார்கள். பிறகு, வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். பாதிப்பேர், உடனே வீட்டுக்குச் சொல்லுங்கள் என்பார்கள். பாதிப்பேர், காலில் விழுந்து, சொல்லாதீர்கள் என்பார்கள். எந்தப் பாதி என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எழுதினால் அனுப்புங்கள்.”

இன்னும் எழுதி முடிக்கவில்லை. அவள் எந்தப் பாதி என்பது அவள் வீட்டாரைப் பொறுத்தது. அந்த வீட்டார் யார் என்று யோசித்தால் என் வாசகர்களின் முகங்களும் என் முகமும்தான் கண்ணில் படுகின்றன.